இணையவழியில் சமூகவியல் அறிமுகம்: பிரின்ஸ்டன் பாடநெறியை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

2012ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் மிட்செல் டுனியர், கோர்சேரா என்னும் தளத்தின்வழிச் சமூகவியல் அறிமுகப் பாடநெறியை உலகினர் அனைவருக்கும் கட்டணமின்றி வழங்கினார். மறு ஆண்டே அதனைத் தொடர மறுத்து விலகினார். இவ்விரு நிகழ்வுகளையும், அக்காலத்தை ஒட்டி அமெரிக்கக் கல்லூரிகளின் இணையவழிக் கல்வி குறித்து வெளிவந்த ஆய்வுகளையும், அப்பாடம் கற்பிக்கும் சமூகவியற் கருத்தாக்கங்களைக் கொண்டே இக்கட்டுரை ஆராய்கிறது. சக மாணவர் மதிப்பீடு, இடைநிற்றல், பயன்பெறுவோரின் சமூக நிலை, பாடத்தைப் பிற கல்லூரிகளுக்கு உரிமம் அளித்தல் ஆகியன இங்கு நோக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: சமூகவியல் அறிமுகம், இணையவழிக் கல்வி, சக மாணவர் மதிப்பீடு, இடைநிற்றல், ஒருங்கிணைவு, பண்பாட்டு மூலதனம், கலைச்சொல்.

முன்னுரை

வேதியியலை இணையவழியிற் கற்கும் மாணவர்க்குக் கற்கும் முறை வேறு, கற்கப்படும் பொருள் வேறு. சமூகவியலில் அப்பிரிவு எளிதன்று. குழு என்றால் என்ன, உறுப்பினராதல் என்றால் என்ன, நெறிமுறைகள் எவ்வாறு உருவாகின்றன, நிறுவனம் தன் உறுப்பினரை எவ்வாறு தரம்பிரிக்கிறது என்பனவற்றையே அறிமுகப் பாடம் கற்பிக்கிறது. வகுப்பறை அவை அனைத்திற்கும் கைக்கெட்டிய எடுத்துக்காட்டு. ஆசிரியர் முன்வரிசையைச் சுட்டிக்காட்டி, அங்கு அமர்ந்திருப்போர் யார், பின்வரிசையில் யார் என்று வினவினாலே அன்றைய பாடம் தொடங்கிவிடும். அவ்வகுப்பறை திரைக்குள் சென்றபின் பாடத்தின் எடுத்துக்காட்டும் உடன் மாறுகிறது. இம்மாற்றத்தால் இழக்கப்படுவது எது, பெறப்படுவது எது, அவ்விழப்பும் பேறும் யாரைச் சார்கின்றன என்பன இக்கட்டுரையின் வினாக்கள்.

இணையவழிக் கல்வி பற்றித் தமிழில் வெளிவரும் கட்டுரைகளிற் பெரும்பாலானவை அதன் நன்மை தீமைகளைப் பட்டியலிடுவதோடு அமைகின்றன. பட்டியல்களால் விளக்கம் கிடைப்பதில்லை. ஒரு பாடநெறியை எடுத்துக்கொண்டு, அதற்கு நேர்ந்ததைப் படிப்படியாகப் பார்ப்பது பயனுடையது என்று கருதியே பிரின்ஸ்டன் பாடநெறி இங்குத் தேர்ந்துகொள்ளப்பட்டது. அதனை நடத்திய டுனியர், கிரீன்விச் வில்லேஜ் பகுதியின் நடைபாதைகளில் பழைய நூல்களும் இதழ்களும் விற்போரிடையே பல்லாண்டுகள் உடனிருந்து ஆராய்ந்து, 1999இல் ‘நடைபாதை’ என்னும் பொருள்படும் தலைப்பில் நூலெழுதியவர். நேரில் உடனிருத்தலையே ஆய்வுமுறையாகக் கொண்ட ஒருவர் ஒளிப்படக்கருவியின்முன் நின்று கற்பிக்க நேர்ந்தமை இத்தேர்வுக்கு மற்றொரு காரணம்.

அறிமுகப் பாடத்தின் இயல்பு

அமெரிக்கக் கல்லூரிகளின் சமூகவியல் அறிமுகப் பாடம் ஏறத்தாழ ஒரே அமைப்புடையது. செயற்பாட்டியம், முரண்பாட்டுக் கோட்பாடு, குறியீட்டு ஊடாட்டவியம் என்னும் மூன்று நோக்குகள் முதலிற் கூறப்படும். பின்னர்ப் பண்பாடு, சமூகவயமாதல், குழுக்கள், பிறழ்நடத்தை, அடுக்கமைவு, இனம், பால்நிலை, குடும்பம், சமயம், கல்வி என இயல்கள் தொடரும். ஒவ்வோர் இயலிலும் அம்மூன்று நோக்குகளும் மீண்டும் பொருத்திக் காட்டப்படும். ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் முயற்சி 2012ஆம் ஆண்டு தன் முதல் இலவசப் பாடநூல்களை வெளியிட்டபோது இயற்பியலோடு சமூகவியல் அறிமுகத்தையும் வெளியிட்டது. நிலையான அமைப்பும் மிகப் பெரிய மாணவர் தொகையும் உடைய பாடம் என்பதனால் அது எளிதிற் பெருக்கத்தக்கதாயிற்று. இணையவழிப் பாடநெறிகள் இப்பாடத்தை நாடியதற்கும் இதுவே காரணம் எனலாம்.

எனினும் இவ்வமைப்பு பாடத்தின் எலும்புக்கூடு மட்டுமே. பாடத்தின் உயிர் சி. ரைட் மில்ஸ் 1959இல் எழுதிய ‘சமூகவியற் கற்பனைத்திறன்’ என்னும் நூலின் முதல் இயலில் உள்ளது. பெரும்பாலான ஆசிரியர்களின் முதல் வகுப்பு இந்நூலில்தான் தொடங்கும். டுனியரின் முதல் விரிவுரையும் இதனைப் பற்றியதே. தனிமனித இடர்களையும் பொதுப் பிரச்சினைகளையும் மில்ஸ் வேறுபடுத்துகிறார். ஒரு லட்சம் பேர் வாழும் நகரில் ஒருவர் மட்டும் வேலையின்றி இருந்தால், அவருடைய குணத்தையும் திறனையும் பார்த்தால் போதும். 5 கோடி தொழிலாளருள்ள நாட்டில் 1.5 கோடிப் பேர் வேலையின்றி இருந்தால், எவருடைய குணத்திலும் அதற்கு விடை இராது. வாய்ப்புகளின் அமைப்பே உடைந்துவிட்டது என்று பொருள். இவ்வேறுபாட்டை உணர்ந்த மாணவர் பாடத்தின் பாதியைக் கற்றவர் என்பது மிகையன்று.

இங்குக் கலைச்சொல் பற்றிய சிறு விலகல் தேவை. மில்ஸின் சொல்லைக் ‘கற்பனை’ என மொழிபெயர்க்கையில் ஓர் இடர்ப்பாடு நேர்கிறது. நம் வழக்கில் ‘அது வெறும் கற்பனை’ என்றால் பொய் என்பதே பொருள். ‘பார்வை’ என்று பெயர்த்தாலோ, காணாத தொடர்பை மனத்தில் உருவாக்கிக் காணும் வினை விடுபட்டுப்போகிறது. ஆகவே ‘கற்பனைத்திறன்’ என்பதே இக்கட்டுரையில் ஆளப்படுகிறது. இவ்விடர்ப்பாடு ஒரு சொல்லோடு நிற்பதன்று. அறிமுகப் பாடத்தின் கலைச்சொற்களிற் பெரும்பாலானவை அன்றாடச் சொற்களே. ‘வகுப்பு’ என்பதை எடுத்துக்கொள்வோம். பள்ளி அறையும் வகுப்பு. பிற்படுத்தப்பட்டோர் என்னும் சட்டப் பிரிவும் வகுப்பு. ‘வகுப்புவாதம்’ என்னுமிடத்தில் அது சமயப் பிரிவு. பொருளியல் அடிப்படையிலான பிரிவுக்கு ‘வர்க்கம்’ என்னும் வேறொரு சொல் வந்துவிட்டது. சமூகத்தில் ஒருவர் ஏற்கும் பங்கினைத் தமிழக நூல்கள் ‘பங்கு’ என்றும் ‘பாத்திரம்’ என்றும் குறிக்க, இலங்கை நூல்கள் ‘வகிபாகம்’, ‘வகிபங்கு’ எனக் குறிக்கின்றன. தெரிந்த சொல்லுக்குள் தெரியாத பொருள் ஒளிந்திருப்பதால், மாணவர் புரியாமலேயே புரிந்ததாக எண்ணிவிட இடமுண்டு. நேர்வகுப்பில் ஆசிரியர் முகக்குறியைக் கண்டோ மாணவர் தரும் பிழையான எடுத்துக்காட்டைக் கேட்டோ இதனை உடனே கண்டுகொள்வார். பதிவுசெய்த விரிவுரையில் இது நிகழாது. தெரிவு வினாக்களும் இதனைப் பிடிப்பதில்லை. வரையறையைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தவருக்குப் பயன்படுத்தத் தெரியாமல் இருக்கலாம்.

பிரின்ஸ்டன் பாடநெறி

ஸ்டான்ஃபோர்டுப் பல்கலைக்கழகக் கணினி அறிவியல் பேராசிரியர்கள் ஆண்ட்ரூ இங், டாஃப்னி கோலர் ஆகியோர் கோர்சேராவைத் தொடங்கிய 2012ஆம் ஆண்டிலேயே டுனியரின் பாடநெறி அதில் இடம்பெற்றது. 113 நாடுகளிலிருந்து ஏறத்தாழ 40,000 பேர் பதிவு செய்தனர். கணினி நிரலை இயந்திரமே திருத்திவிடும். சமூகவியல் விடைக்கட்டுரையை அன்று இயந்திரம் திருத்த இயலவில்லை. ஆகவே மாணவரே ஒருவர் விடையை மற்றவர் திருத்தும் முறை மேற்கொள்ளப்பட்டது. பிரின்ஸ்டன் சான்றிதழ் எதனையும் வழங்கவில்லை. தெரிவு செய்யப்பட்ட சில மாணவர் காணொளிவழி ஆசிரியரோடு உரையாட, பிறர் அதனைக் கண்டனர்.

எதிரிலிருப்போர் முகம் தெரியாமல் பேசுவதே டுனியரின் தொடக்கத் தயக்கமாக இருந்தது. எர்விங் கோஃப்மனின் ஆய்வுகளை அறிந்தோர்க்கு இத்தயக்கத்தின் ஆழம் விளங்கும். நேருக்கு நேர் சந்திப்பில் ஒருவர் வெளிப்படுத்தும் செய்தி அவர் வாயிலிருந்து மட்டும் வருவதில்லை. உடல் சாய்வு, பார்வை விலகல், சிரிப்பின் காலம் தாழ்தல் ஆகியனவும் செய்திகளே. விரிவுரையாளர் தாம் சொல்லியதைத் திருத்திக்கொள்வது இவற்றைக் கொண்டே.

ஆனால் நிகழ்ந்தது வேறு. மில்ஸ் பற்றிய அதே விரிவுரைக்குப் பிரின்ஸ்டன் வளாகத்தில் ஆழ்ந்த வினாக்கள் சிலவே எழுவது வழக்கம். இணையத்தில் வெளியிட்ட சில மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான கருத்துகளும் வினாக்களும் வந்தன. சில நாள்களில் அவை ஆயிரக்கணக்காயின. முதல் மூன்று வாரங்களில் தம் சமூகவியற் கருத்துகளுக்குக் கிடைத்த எதிர்வினை, அதுவரையிலான தம் ஆசிரியப் பணி முழுவதிலும் கிடைத்ததினும் மிகுதி என்று டுனியர் எழுதினார். இதனை விளம்பரக் கூற்றென ஒதுக்குவது எளிது, ஒதுக்கலாகாது. அமெரிக்கச் சமூகத்தை முன்னிறுத்தி எழுதப்பட்ட ஒரு கருத்தை, அச்சமூகத்திற்கு வெளியே வாழ்வோர் தம் ஊரில் வைத்துச் சோதிக்கும்போது, அக்கருத்தில் பொதுவானது எது, அமெரிக்கத் தன்மையுடையது எது என்பது பிரிந்து தெரியத் தொடங்கும். ஒப்பீடே சமூகவியலின் ஆய்வுக்கூடம் என்றால், ஒரே நேரத்தில் இத்தனை நாட்டவர் கூடிய வகுப்பு எவ்வளாகத்திலும் அமையாது. முகம் காணும் வாய்ப்பை இழந்த பாடம் ஒப்பிடும் வாய்ப்பைப் பெற்றது.

சக மாணவர் மதிப்பீடு

இடைத்தேர்வை ஏறத்தாழ 2,200 பேரும் இறுதித்தேர்வை ஏறத்தாழ 1,280 பேரும் எழுதினர். மாணவர் இட்ட மதிப்பெண் நம்பத்தக்கதா என்று அறிய டுனியரும் அவர் உதவியாளரும் விடைத்தாள்களைத் தாமும் திருத்தி ஒப்பிட்டனர். மாணவர் இட்ட மதிப்பெண்ணின் சராசரி 16.94, ஆசிரியர் குழு இட்டதன் சராசரி 15.64. இரண்டிற்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு 0.88. சக மாணவர் மதிப்பீடு வெற்றி பெற்றதற்குச் சான்றாக இவ்வெண் அக்காலத்தில் பலராலும் எடுத்துக்காட்டப்பட்டது.

இங்கு இரண்டு எண்கள் இரண்டு வேறு செய்திகளைக் கூறுகின்றன. ஒட்டுறவுக் கெழு, விடைகளைத் தரவரிசைப்படுத்துவதில் மாணவரும் ஆசிரியரும் பெரிதும் ஒத்துப்போயினர் என்கிறது. நல்ல விடையை நல்லதென்றும் குறையுடையதைக் குறையுடையதென்றும் மாணவர் அறிந்தனர். சராசரி வேறுபாடோ, மாணவர் சற்றுக் கைதாராளமாக மதிப்பெண் இட்டனர் என்கிறது. தரவரிசை மட்டும் வேண்டுமாயின் இம்முறை போதும். தேர்ச்சிக்கு ஓர் எல்லைக்கோடு வகுப்பதாயின் அக்கோட்டருகே நிற்போர் பலர் இடம் மாறுவர். மற்றொன்றும் கருதத்தக்கது. திருத்தியோர் 40,000 பேரல்லர். தேர்வெழுதும் அளவிற்குப் பாடத்தில் நிலைத்தவர். ஊக்கமுடையோர் குழுவில் பெறப்பட்ட 0.88 என்னும் எண், கட்டாயத்தின்பேரில் சேரும் மாணவரிடையேயும் அவ்வாறே கிடைக்கும் எனக் கொள்ள இடமில்லை.

தமிழ் ஆய்வாளர்க்கு இவ்விடத்தில் பவணந்தி முனிவரின் நன்னூற் பொதுப்பாயிரம் நினைவிற்கு வருவது இயல்பு. கோடல் மரபு கூறுமிடத்து, ஆசிரியர் உரைத்ததை நன்கு கொண்டாலும் மாணவர் பெறுவது கால்பங்கே என்றும், உடன் பயில்வோருடன் பழகுவதால் மற்றொரு கால்பங்கும், பிறர்க்குச் செவ்விதின் உரைப்பதால் எஞ்சிய இரு கால்பங்கும் நிறையும் என்றும் அந்நூல் வகுக்கிறது. ‘இணையவழிக் கல்வியை அன்றே கண்டார் நம் முன்னோர்’ என்று இதனைக் கொண்டு எழுதுவது ஆய்வாகாது. ஆனால் இப்பகுப்பு ஓர் அளவுகோலாகப் பயன்படும். பதிவுசெய்த விரிவுரை முதற்கால் பங்கைத் தருகிறது. கருத்துரையாடல் களம் இரண்டாம் கால்பங்கைத் தருகிறது. டுனியரின் பாடநெறியில் அது நேர்வகுப்பினும் வளமாக அமைந்தது. சக மாணவர் மதிப்பீட்டை எதில் அடக்குவது? பிறர் விடைக்கு மதிப்பெண் இடுபவர் அவருக்கு எதனையும் உரைப்பதில்லை. தீர்ப்பு மட்டுமே தருகிறார். எண்ணை மட்டும் இட்டு நகர்கையில் நன்னூல் கூறும் பெரும்பாதி வெறுமையாகவே நின்றுவிடும். ஏன் இம்மதிப்பெண் என்று இரண்டு பத்தி எழுதவேண்டும் என விதித்தால், மதிப்பீடு உரைத்தலாக மாறும். இணையவழிப் பாடநெறியை வடிவமைப்போர் பெரும்பாலும் மதிப்பெண்ணின் துல்லியத்தைப் பற்றியே கவலைப்படுகின்றனர். கற்றலின் கணக்கில் அது இரண்டாவது கவலை.

இடைநிற்றலும் ஒருங்கிணைவும்

40,000 பேரில் ஏறத்தாழ 1,280 பேர் என்பது 3.2 விழுக்காடு. திறந்த இணையவழிப் பாடநெறிகளுக்கு எதிராக அடிக்கடி எடுத்தாளப்படுவது இவ்வகை எண்ணே. ஆயினும் வகுக்கும் எண் எதனைக் குறிக்கிறது என்று கேட்காமல் இவ்விழுக்காட்டைப் பயன்படுத்துவது முறையன்று. மாணவர் என்பது ஒரு தகுதிநிலை. விண்ணப்பம், கட்டணம், சேர்க்கை நாள், வருகைப் பதிவேடு, குடும்பத்தாரின் எதிர்பார்ப்பு ஆகிய பலவும் சேர்ந்தே ஒருவரை மாணவராக்குகின்றன. ஒரு பொத்தானை அழுத்திப் பதிவு செய்தவர் இவற்றுள் எதனையும் கடந்து வரவில்லை. அவர் நின்றுவிட்டார் என்பதைவிட, இன்னும் மாணவராகவில்லை என்பதே பொருந்தும். இடைத்தேர்வு எழுதியோரையே மாணவரெனக் கொண்டு, இறுதித்தேர்வு எழுதியோர் அவர்களுள் அடங்குவர் எனவும் கொண்டால், ஏறத்தாழ 58 விழுக்காட்டினர் இறுதிவரை நிலைத்தனர். எஞ்சிய 42 விழுக்காடே விளக்கம் வேண்டி நிற்பது. சான்றிதழ்கூட இல்லாத ஒரு பாடத்தில் இவ்வளவு பேர் நிலைத்ததும் விளக்கம் வேண்டுவதே.

இடைநிற்றலை விளக்கும் கோட்பாடு சமூகவியல் அறிமுகப் பாடத்துக்குள்ளேயே பிறந்தது என்பது சுவையான செய்தி. எமில் துர்கைம் 1897இல் வெளியிட்ட ‘தற்கொலை’ என்னும் ஆய்வு, மிகத் தனிப்பட்டதாகத் தோன்றும் ஒரு செயலின் விகிதம் குழுவின் ஒருங்கிணைவைப் பொறுத்து மாறுவதைக் காட்டியது. கத்தோலிக்கரைவிடப் புராட்டஸ்டண்டுகளிடையேயும், மணமானோரைவிட மணமாகாதோரிடையேயும் விகிதம் மிகுந்திருந்தமையை அவர் பிணைப்பின் தளர்ச்சியால் விளக்கினார். 1970இல் வில்லியம் ஸ்பேடி இவ்விளக்கத்தைக் கல்லூரியிலிருந்து மாணவர் விலகுவதற்குப் பொருத்தினார். 1975இல் வின்சென்ட் டின்டோ அதனை விரித்து, கல்விசார் ஒருங்கிணைவு, சமூக ஒருங்கிணைவு என இரண்டாகப் பகுத்தார். பாடத்தோடும் ஆசிரியரோடும் ஒட்டாதவரும், நண்பரோடும் வளாக வாழ்வோடும் ஒட்டாதவரும் விலகுவர் என்பது அவர் கருத்தின் சாரம். விடுதியில் தங்கிப் பயிலும் இளைஞரை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட இக்கோட்பாடு, வேலை பார்த்துக்கொண்டே பயில்வோருக்குப் பொருந்தாது என்று ஜான் பீன், பார்பரா மெட்ஸ்னர் ஆகியோர் 1985இல் காட்டினர். அத்தகையோர் விலகுவது வளாகத்தில் நண்பர் இல்லாததாலன்று. பணிநேரம், குழந்தை வளர்ப்பு, பணத்தட்டுப்பாடு முதலிய புறச்சூழலாலேயே.

இணையவழி மாணவர் இவ்விரு கோட்பாடுகளுக்கும் இடையே நிற்பவர். அவர்களுட் பலர் பீனும் மெட்ஸ்னரும் கூறும் வகையினர். ஆயினும் டின்டோ கூறும் கல்விசார் பிணைப்பு அவர்களுக்குத் தேவைப்படாமல் இல்லை. வாஷிங்டன் மாநிலச் சமுதாயக் கல்லூரிகளில் 40,000க்கும் மேற்பட்ட மாணவர் பயின்ற ஏறத்தாழ 5,00,000 பாடப் பதிவுகளை டி சூ, ஷன்னா ஸ்மித் ஜாகர்ஸ் ஆகியோர் ஆராய்ந்தனர். எல்லா வகை மாணவரும் நேர்வகுப்பைவிட இணையவழியில் பின்தங்கினர். ஆண்கள், வயதில் இளையோர், கறுப்பின மாணவர், முன்னரே குறைந்த மதிப்பெண் பெற்றோர் ஆகியோரிடையே இச்சரிவு மிகுந்திருந்தது. பாடவாரியாக நோக்கியபோது, மாணவர் வேறுபாடுகளைக் கணக்கிற் கொண்ட பின்னும், சமூக அறிவியல்களிலும் தொழில்சார் பாடங்களிலும் இடைவெளி மிகப் பெரிதாயிருந்தது.

இம்முடிவு நம் ஆய்வுக்கு மிக இன்றியமையாதது. எண்ணும் சூத்திரமும் மிகுந்த பாடங்களே இணையத்தில் கடினமாக இருக்கும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. கதைபோல் வாசிக்கத்தக்கதெனக் கருதப்படும் சமூக அறிவியலிலேயே சரிவு மிகுந்திருப்பது ஏன் என்பதற்கு ஒரு விளக்கம் மேலே கூறிய கலைச்சொல் இயல்பில் உள்ளது என்பது இக்கட்டுரையாளர் கருத்து. கணக்கில் விடை பொருந்தாவிடின் பிழை என்று மாணவர்க்கே தெரிந்துவிடும். சமூகவியலில் தம் புரிதல் பிழையென மாணவர் அறிய மற்றொரு மனிதர் தேவை. அம்மனிதர் இல்லாத பாடத்தில், வீட்டிலோ நண்பரிடையிலோ அத்தகைய உரையாடல் கிடைப்பவர் தப்புவர், கிடைக்காதவர் பின்தங்குவர்.

பயன்பெற்றோர் யார்

பென்சில்வேனியாப் பல்கலைக்கழகம் கோர்சேராவில் வழங்கிய பாடநெறிகளின் மாணவரிடையே நடத்திய ஆய்வு 2013இல் வெளிவந்தது. விடையளித்தோருள் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் ஏற்கெனவே ஏதேனுமொரு கல்லூரிப் பட்டம் பெற்றவர். கல்லூரி வாயிலை எட்டாதோர்க்கென அறிவிக்கப்பட்ட கதவு, பெரும்பாலும் உள்ளே இருந்தோர்க்கே மேலும் திறந்தது. பியர் பூர்தியூவின் பண்பாட்டு மூலதனம் என்னும் கருத்தாக்கம் இதனை விளக்கப் போதுமானது. விரிவுரையை நிறுத்திக் குறிப்பெடுக்கவும், தெரியாததைத் தேடவும், களத்தில் தயங்காமல் வினவவும் பழகியவர்க்கே கட்டணமின்மை பயன்தரும். தகவலுக்கு விலை இல்லாமற் போகும்போது அதனைப் பயன்படுத்தும் பழக்கத்தின் விலை உயர்கிறது.

விலகலும் அதன் பொருளும்

2013இல் கோர்சேரா டுனியரிடம் ஒரு கருத்தை முன்வைத்தது. அவர் பாடநெறியைப் பிற கல்லூரிகள் உரிமம் பெற்றுத் தம் வகுப்புகளோடு கலந்து பயன்படுத்த இசைவு தருவாரா என்பதே அது. இசைந்தால் அக்கல்லூரிகளுக்குச் செலவு குறையும். டுனியர் மறுத்துப் பாடநெறியைத் தொடராது விலகினார். மாநிலச் சட்டமன்றங்கள் அரசுப் பல்கலைக்கழகங்களின் நிதியைக் குறைப்பதற்குத் தம் பாடம் ஒரு சாக்காகிவிடும் என்பதே அவர் கூறிய காரணம். அதே ஆண்டு வசந்தத்தில் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழக மெய்யியல் துறையினர், ஹார்வர்டுப் பேராசிரியர் மைக்கேல் சாண்டலின் ‘நீதி’ குறித்த இணையவழிப் பாடத்தைத் தம் வகுப்பிற் பயன்படுத்த மறுத்து அவருக்கே திறந்த மடல் எழுதியிருந்தனர். மறுத்த இருவரில் ஒருவர் பாடத்தை வழங்குபவர், மற்றவர் பெறுபவர்.

இராபர்ட் மெர்ட்டன் வகுத்த வெளிப்படைச் செயற்பாடு, மறைமுகச் செயற்பாடு என்னும் இணை அறிமுகப் பாடத்தின் இரண்டாம் வாரத்திலேயே கற்பிக்கப்படுவது. இணையவழிப் பாடநெறியின் வெளிப்படைச் செயற்பாடு அறிவைப் பரப்புதல். உரிமம் அளிக்கப்பட்டால் அதன் மறைமுகச் செயற்பாடு, தொலைவிலுள்ள கல்லூரியில் சமூகவியல் ஆசிரியர் பணியிடத்தைத் தேவையற்றதாக்குதல். அப்பணியிடத்தில் இருப்பவர் பெரும்பாலும் இளம் ஆய்வாளர். அவர் படிக்கும் மாணவரோ வாஷிங்டன் ஆய்வு சுட்டிய, நேர்வகுப்பு மிகவும் தேவைப்படும் மாணவர். புகழ்பெற்ற வளாகத்தின் மாணவர் பேராசிரியரை நேரிற் காண்பார். ஏழை வளாகத்தின் மாணவர் அவர் பதிவைக் காண்பார். ஒரே பாடம் இரண்டு தரத்ததாகும்.

டுனியரின் முடிவை மிகையான அச்சம் என்று விமர்சித்தோர் உண்டு. ஒருவர் விலகினால் பாடங்கள் நின்றுவிடா என்பதும் உண்மையே. ஆயினும், தம் முதல் விரிவுரையில் தனிமனித இடரையும் பொதுப் பிரச்சினையையும் பிரித்தறியக் கற்பித்தவர், தம் பாடத்தின் வெற்றியைத் தம் தனிப்பட்ட வெற்றியாகக் கொள்ளாமல் அமைப்பில் வைத்துப் பார்த்தார். பாடப்பொருளும் பாடநெறியின் வரலாறும் இங்கு ஒன்றாகிவிடுகின்றன. இவ்விலகலை அறிமுகப் பாடத்தின் ஒரு பயிற்சி வினாவாகவே வைக்கலாம்.

இந்தியச் சூழலில் எழும் வினா

இவ்வினா அமெரிக்காவோடு முடிவதன்று. பல்கலைக்கழக மானியக் குழு 2016இல் வகுத்த ஒழுங்குவிதி, ஒரு பருவத்தின் பாடங்களில் 20 விழுக்காடு வரை ஸ்வயம் தளத்தின்வழிப் பயில இடமளித்தது. ஸ்வயம் தளம் 2017 ஜூலை 9 அன்று முறையாகத் தொடங்கப்பட்டது. 2021இல் அவ்வெல்லை 40 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. தமிழகக் கலைக் கல்லூரிகளுக்கும் இது பொருந்தும். ஒரு கல்லூரியில் இல்லாத பாடத்தை மாணவர் வெளியிலிருந்து பெற உதவுவது இவ்விதியின் வெளிப்படைச் செயற்பாடு. சமூகவியல் துறையே இல்லாத பல கல்லூரிகளில் தமிழ், வரலாறு பயிலும் மாணவர் இதனால் மில்ஸையும் துர்கைமையும் அறிய வாய்ப்புண்டு. நாட்டார் வழக்காற்றியலும் இலக்கியச் சமூகவியலும் பயில்வோர்க்கு அது பெரும்பேறு. புதிய துறை தொடங்கவோ வெற்றிடத்தை நிரப்பவோ வேண்டியதில்லை என்னும் வாதத்திற்கும் அதே விதியை எடுத்தாள முடியும். எது நிகழ்கிறது என்பதைக் கருத்துரைகளால் அறிய இயலாது. ஒவ்வொரு கல்லூரியிலும் இணையவழிப் பாடம் தெரிவு செய்யப்பட்ட ஆண்டையும் அத்துறையின் பணியிட எண்ணிக்கையையும் அருகருகே வைத்துப் பார்க்கவேண்டும்.

பாடத்தின் உள்ளமைப்பிலும் ஆய்வு தேவை. ஆங்கில விரிவுரையைக் கேட்டுத் தமிழில் எண்ணும் மாணவர், ‘வகுப்பு’, ‘வர்க்கம்’, ‘சாதி’ என்னும் மூன்று சொற்களுள் எதனோடு பேராசிரியரின் சொல்லை இணைக்கிறார் என்பதை எந்தத் தெரிவு வினாவும் காட்டாது. ஒரு பத்தி எழுதச் சொன்னால் காட்டும்: தம் தெருவில் தண்ணீர்க் குழாயடியில் யார் முதலில் நிற்கின்றனர், யார் காத்திருக்கின்றனர் என்று ஒரு வாரம் நோக்கி, கண்டதை அடுக்கமைவு என்னும் கருத்தாக்கத்தால் விளக்குமாறு கேட்கலாம். அப்பத்தியை வேறு மாவட்ட மாணவர் ஒருவர் படித்து, தம் தெருவில் அவ்வாறில்லை என்றால் ஏன் இல்லை என எழுதித் திருப்பி அனுப்பலாம். இதற்கு விலையுயர்ந்த ஒளிப்பதிவு தேவையில்லை. இருபது முப்பது பத்திகளைப் படித்து, எங்கே சொல் வழுக்கியது என்று குறித்துத் தரும் ஓர் ஆசிரியர் தேவை.